மரியா மொண்டிசோரி அம்மையார்: பிள்ளைகளிடம் பாடம் கேட்ட ஆசிரியை

எமது கல்லூரியின் பாலர் வகுப்பிலே படித்தவர்களுக்கு அந்தச் சின்னக் கதிரைகள் நினைவிருக்கும். உட்கார்ந்தால் கால் நிலத்தில் முட்டும். வேண்டிய இடத்துக்கு நாமே தூக்கிக்கொண்டு போகலாம். பெற்றோர் தினத்துக்கு வந்த தாய்மார் அவற்றில் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு எழும்பியதும் நினைவிருக்கும். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவிலே தளபாடம் வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு அப்படியில்லை. ஐரோப்பாவிலேயே பிள்ளைகள் அசைக்க முடியாத வாங்குகளில் வரிசையாக இருத்தப்பட்டு, வாய் மூடி, கை கட்டிப் படித்த காலம் அது. அந்த வாங்குகளை அகற்றி, மூன்று வயதுப் பிள்ளை தானே தூக்கக்கூடிய கதிரைகளைச் செய்வித்தவர்களில் முதன்மையானவர் இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார்.

நம் நாட்டில் அவருடைய பெயர் ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. பிள்ளையை மொண்டிசோரிக்கு விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லாத தாய் குறைவு. அந்தப் பெயருக்குரியவர் யார், எப்படி வாழ்ந்தார், எதை இழந்தார் என்பதை அறிந்தவர்களோ அதிகம் இல்லை. பிள்ளை மனம் கள்ளமற்றது என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கள்ளமற்ற மனத்தை வளர்ந்தவர்களாகிய நாம் என்ன செய்கிறோம் என்று தம் ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஆதலால் இந்த நூற்றாண்டு மலரில் அவரது வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல விரும்பினேன்.

மரியா 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரிலே பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை அலெசான்ட்ரோ அரசாங்க உத்தியோகத்தர், பழைமையில் ஊறியவர். தாய் ரெனில்டே வாசிப்பில் விருப்பம் உள்ளவர். மகளுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்பிள்ளைகள் படித்தால் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் வேண்டியதில்லை என்றிருந்த காலத்தில், பதின்மூன்று வயது மரியா ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழினுட்பப் பாடசாலையிலே சேர்ந்தார். பொறியியலாளர் ஆவதே முதல் ஆசை. பின்னர் அது மருத்துவத்தின் மேல் திரும்பியது. தந்தைக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. தாய்தான் பக்கத்தில் நின்றார். இப்படிப் பக்கத்தில் நின்ற ஒரு தாயோ பேர்த்தியோ ஆசிரியையோ இல்லாமல் எம்மில் எத்தனை பேர் இந்த மலரைக் கையில் எடுத்திருப்போம்?

உரோம் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிரேதத்தை வெட்டிப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், எல்லோரும் போன பின்னர் மாலை வேளையில் தனியே அந்த மண்டபத்தில் நின்று படித்தார். 1896ஆம் ஆண்டு பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில் பேர்லின் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டுக்குத் தம் நாட்டின் சார்பிலே சென்று, பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமசம்பளம் வேண்டுமென்று பேசினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

அவரைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்தது பாடசாலை அல்ல, மனநோய் மருத்துவமனை. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை அக்காலத்தில் பெரியவர்களோடு சேர்த்து அங்கேயே அடைத்து வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து கிடக்கும் பாண் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காட்டி, அங்கே வேலைசெய்த பெண் அருவருப்போடு பேசினாளாம். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். கையில் எடுக்க ஒரு தடியோ ஒரு பந்தோ இல்லை. இவர்கள் வயிற்றுப் பசியால் பொறுக்கவில்லை, கைகளுக்கு ஏதாவது வேண்டுமென்ற பசியால் பொறுக்குகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கண் முன்னே நடப்பது ஒன்றுதான். ஒருத்தி அதிலே கேவலத்தைக் கண்டாள், மற்றவர் அதிலே தேவையைக் கண்டார்.

பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார்ட், செகுவின் என்போரின் நூல்களை அவர் தேடிப் படித்தார். 1900ஆம் ஆண்டில் உரோமிலே இத்தகைய பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட கல்விநிலையத்தில் சக மருத்துவரான ஜுசெப்பே மொன்டெசானோவுடன் இணைந்து பொறுப்பேற்றார். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பார், இரவிலே குறிப்பெழுதுவார். கொஞ்ச நாளில் அப்பிள்ளைகளிற் சிலர் வாசிக்கவும் எழுதவும் கற்று, ஏனைய பிள்ளைகள் தோற்றும் பரீட்சையிலேயே தேறினார்கள். ஊர் முழுவதும் வியந்து பாராட்டியது. அவருக்கு வேறொரு கவலை வந்தது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால், சுகமாயுள்ள பிள்ளைகளைப் பாடசாலைகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்க வேண்டும் என்பதே அந்தக் கவலை.

இந்த இடத்தில் அவரது வாழ்வின் பெரிய துயரத்தையும் சொல்லியாக வேண்டும். மொன்டெசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. அவர்கள் மணம் முடித்திருக்கவில்லை. அக்காலத்து இத்தாலியில் அது வெளியே தெரிந்தால் அவரது மருத்துவமும் போகும், மானமும் போகும். குழந்தையை உரோமுக்கு வெளியே கிராமத்திலுள்ள ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். வேறு எவரையும் மணப்பதில்லை என்று இருவரும் உறுதி செய்துகொண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சில ஆண்டுகளுக்குள் மொன்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அம்மையார் அந்தக் கல்விநிலையத்தை விட்டு விலகினார். மகனை இடைக்கிடை போய்ப் பார்த்து வருவார், ஆனால் தாம் யார் என்று சொல்வதில்லை. உலகத்துப் பிள்ளைகளுக்காகப் பேசப் போகும் ஒருவர் தம் பிள்ளையின் முதல் அடியையும் முதற் சொல்லையும் காணவில்லை. இதை வைத்து அவரைக் குறைசொல்வது எளிது. ஆனால் அந்தத் தீர்ப்பை அவருக்கு முன்பே எழுதி வைத்திருந்தது அக்காலச் சமுதாயம். தகப்பனின் உத்தியோகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இனி, 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதிக்கு வருவோம். மூவிராசாக்கள் திருநாள். உரோமின் சான் லொரென்சோ என்னும் வறிய பகுதியிலே தொடர்மாடி வீடுகளைத் திருத்திக் கட்டிய நிறுவனம் ஒன்றுக்கு ஒரு தொல்லை இருந்தது. தாய் தந்தையர் கூலிவேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பழுதாக்கினார்கள். சுவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றுதான் பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக அம்மையார் அழைக்கப்பட்டார். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், அழுது வீங்கிய முகங்கள், பயந்த கண்கள். பயிற்றப்பட்ட ஆசிரியைகூட இல்லை. இத்தாலிய மொழியிலே பிள்ளைகள் இல்லம் என்று பொருள்படும் காசா தெய் பம்பினி அப்படித்தான் தொடங்கியது.

அம்மையார் அங்கே செய்த முதல் வேலை, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஒரு நாள் மூன்று வயதளவிலான சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலுள்ள துளைகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எடுப்பாள், கலப்பாள், திரும்பவும் பொருத்துவாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிநின்று பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியிலே அள்ளிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்த பின்னரே, நித்திரையால் எழும்பியவளைப் போலச் சிரித்துக்கொண்டு நிறுத்தினாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றிலும் மனம் நிலைக்காது என்று நாம் சொல்வது எவ்வளவு பொய்! மனம் நிலைக்கும் நேரத்தில் கூப்பிட்டுக் குழப்புகிறவர்கள் நாம்தாம்.

இன்னொரு நாள் ஆசிரியை பிந்தி வந்தார். அலுமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் பிள்ளைகள் தமக்கு வேண்டிய பொருட்களைத் தாமே எடுத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்கிறார்கள். ஆசிரியைக்கு அது களவாகப் பட்டது. அம்மையாருக்கோ, தமக்கு எது வேண்டுமென்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று பட்டது. அன்றைக்குப் பிறகு பூட்டிய உயர்ந்த அலுமாரிக்குப் பதிலாக, கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலுமாரிகள் வந்தன. பணக்கார வீடுகளிலிருந்து வந்த விலையுயர்ந்த விளையாட்டுப் பொருட்கள் தேடுவாரற்றுக் கிடந்தன. பரிசாகக் கொடுத்த இனிப்புகளையும் பிள்ளைகள் பெரிதாக எண்ணவில்லை. ஆகவே பரிசும் தண்டனையும் அங்கே நின்றுபோயின.

எனக்கு எப்போதும் நெஞ்சிலே நிற்பது லேஞ்சிக் கதைதான். ஒரு நாள் அம்மையார் பிள்ளைகளுக்கு மூக்குச் சீறுவது எப்படி என்று பாடம் நடத்தினார். லேஞ்சியை எப்படி மடிப்பது, பிறர் காணாதபடி எப்படிச் சத்தமின்றித் துடைப்பது என்று பகிடிபோலச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். அவர் புறப்பட்டபோது நன்றி சொல்லிக்கொண்டு பின்னாலேயே வாசல்வரை வந்தார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மூக்கொழுகி என்று ஏச்சு வாங்காத பிள்ளை அங்கே இல்லை. எப்படித் துடைப்பது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தவர்தாம் எவருமில்லை. நான்கு வயதிலும் மனிதருக்கு மானம் உண்டு. அந்த மானத்தைப் பகிடி பண்ணும்போதுதான் பிள்ளை ஒளிக்கப் பழகுகிறது. ஒளிக்கப் பழகியது பொய் சொல்லவும் பழகுகிறது. பிறகு நாம், முன்பு இப்படி இல்லையே, இந்தக் கள்ளம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறோம்.

பாலர் கீழ்ப்பிரிவிலே நெடுங்காலம் படிப்பித்தவள் நான். இந்தக் கதையை முதன்முதலாக வாசித்த இரவு, என் வகுப்பிலே இடக்கையால் எழுதிய ஒரு மகளின் முகம் வந்து நின்றது. கையை மாற்று, மாற்று என்று எத்தனை நாள் விரலிலே தட்டியிருப்பேன்! அவள் மாற்றினாள். ஆனால் அதற்குப் பிறகு நான் கிட்டப் போகும்போதெல்லாம் கொப்பியை மூடிக்கொள்வாள். நல்ல பிள்ளையாக ஆக்கிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

பிள்ளைகள் இல்லத்தின் புகழைப் பரப்பியது எழுத்து. சொரசொரப்பான கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். எமது வீடுகளிலே ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கிறோமே, அதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். விரல் அறிந்ததை மனம் மறப்பதில்லை. ஒரு குளிர்கால வெயில் நாளில் மேல்மாடத்திலே அம்மையாரின் பக்கத்தில் இருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், புகைபோக்கியை வெண்கட்டியால் நிலத்தில் வரைந்தான். திடீரென்று முகம் மலர்ந்து, தன்னால் எழுதவும் முடியும் என்று கூவிக்கொண்டு, கை என்ற சொல்லை எழுதினான். ஒருவரும் அவனுக்கு எழுதப் படிப்பித்திருக்கவில்லை. சிறிது நாளில் மற்றப் பிள்ளைகளும் நிலத்திலும் கதவிலும் சுவரிலும் எழுதத் தொடங்கினார்கள். சுவர்களைக் காக்கத் திறந்த பாடசாலையிலே இப்படி நடந்தது!

1909ஆம் ஆண்டு அவரது முதல் நூல் வெளிவந்தது. ஆங்கிலம் உட்படப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா சென்றார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு வகுப்பு நடத்தப்பட, மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். இதற்கிடையே 1912 டிசம்பரில் அவரது தாயார் காலமானார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயதளவில் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அன்று தொட்டுத் தாயின் நிழலாகவே இருந்தார். இருந்தும் வெளியாருக்கு அவர் மருமகன் என்றோ வளர்ப்புமகன் என்றோதான் நெடுங்காலம் அறிமுகப்படுத்தப்பட்டார்.

பெரியவர்கள் பிள்ளை மனத்தை எப்படி வளைப்பார்கள் என்பதை அம்மையார் அரசியலிலும் கண்டார். 1924ஆம் ஆண்டு முசோலினி அவரது முறைக்கு ஆதரவளித்தார். அம்மையாரும் அதை ஏற்றுக்கொண்டார். இந்த முடிவுக்காக அன்றும் இன்றும் பலர் அவரைக் கண்டித்துள்ளனர். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஆட்சி விரும்பியது தானே சிந்திக்கும் பிள்ளையை அல்ல. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் கறுப்புச் சட்டை போட்டு, விளையாட்டுத் துவக்கு கொடுத்து, அணிவகுத்து நடக்கப் பழக்கியது. இரண்டும் ஒத்துப்போக முடியவில்லை. 1934ஆம் ஆண்டளவில் இத்தாலியிலே அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசி ஆட்சியும் அவ்வாறே செய்தது. பின்னர் 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடிக்க, பார்சலோனாவிலிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். அறுபத்தாறு வயதிலே பெட்டியோடு நாடு மாறுவது என்ன என்பதை இந்த மலரைத் தூர தேசங்களில் இருந்து வாசிக்கும் எங்கள் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1939ஆம் ஆண்டு நவம்பரில், ருக்மிணி தேவியினதும் அவரது கணவர் ஜோர்ஜ் அருண்டேலினதும் அழைப்பை ஏற்று அம்மையாரும் மாரியோவும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேரளவில் பயிற்சி பெற்றார்கள். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேசுவார், மகன் ஆங்கிலத்திலே சொல்வார். சில மாதங்கள் தங்க வந்தவர்களை யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மாரியோவை எதிரிநாட்டவர் என்று அகமதுநகர் முகாமிலே அடைத்தது. அம்மையார் அடையாறு எல்லைக்குள் இருக்கும்படி பணிக்கப்பட்டார். மகனைப் பிரிந்திருப்பது அவருக்கு இது இரண்டாம் முறை. அந்த ஓகஸ்ட் 31ஆம் திகதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே விடுதலை செய்து அனுப்பியது அரசு.

யுத்த காலத்திற் பெரும்பகுதியைக் கொடைக்கானல் மலையிலே கழித்தார். அங்கே நடந்த சிறிய பாடசாலையிலே அவரோடு பணியாற்றியவர்களுள் எங்கள் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். இலை, பூ, மிருகம், நட்சத்திரம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே வீடு என்று பிள்ளைக்குக் காட்டும் கல்வி அந்த மலையிலேதான் உருப்பெற்றது. 1944ஆம் ஆண்டு அம்மையார் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இந்தியாவிலே தாய்மார் குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போவதை அவர் கூர்ந்து பார்த்தார். பேச்சும் பழக்கமும் அன்பும் பயமும் படிப்பிக்காமலே குழந்தைக்குள் போய்விடுகின்றன என்ற அவரது கருத்து, இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து நூலாகி 1949இல் அடையாற்றில் அச்சேறியது. குழந்தை எம்மைப் பார்த்துப் படிப்பதில்லை, எம்மையே உண்டு வளர்கிறது என்பதுதான் அதன் சாரம்.

சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவரது பெயர் மூன்று ஆண்டுகள் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் எண்பத்தொரு வயதிலே காலமானார். தம் பணிகளை எல்லாம் மாரியோவிடம் ஒப்படைத்த மரணசாசனத்திலே, அவரை என் மகன் என்றே எழுதியிருந்தார். உடல் அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மனிதரிடையே சமாதானத்தைக் கட்டியெழுப்பத் தம்மோடு சேருமாறு பிள்ளைகளை வேண்டிக்கொள்ளும் வாசகம் அவரது கல்லறையில் உள்ளது. பெரியவர்களிடம் அவர் ஒன்றையும் கேட்கவில்லை!

சேரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்வி இன்று பல நாடுகளில் பணமுள்ளவர்களுக்கே எட்டுவதாக இருக்கிறது. எங்கள் ஊர்களிலோ அவரது பெயர்ப்பலகையின் கீழேயே மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுக்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பத்து வயதிலேயே பொறாமையைப் பழக்குகிறோம். பிள்ளைகள் சிரட்டையிலே மண்சோறு சமைத்து எல்லோருக்கும் பங்கிடுவதைப் பாருங்கள். எந்த ஊர், எந்தச் சமயம், எவருடைய பிள்ளை என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை எம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். நாம் கண்ட யுத்த காலத்தின் பின்னரும் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

எம்மிற் பலர் இன்று பேர்த்தியராகிவிட்டோம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ, அல்லது பிறந்த ஊரிலேயே, எமது காலடியில் ஒரு சின்னப் பிள்ளை எதையோ திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். அடுத்த முறை அதைக் கூப்பிட முன்னர், கொஞ்ச நேரம் ஒரு சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு, அதன் உயரத்தில் இருந்து பார்ப்போம். என் இடக்கை மகள் எங்கிருந்தாலும் இதை வாசிக்க நேர்ந்தால், அவளுடைய ஆசிரியை பிந்தியாவது இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டாள் என்று அறிந்துகொள்ளட்டும்.